பூட்ஸ் வராத படை

பூட்ஸ் வந்து சேராத ஒரு படை போருக்குக் கிளம்பிவிடும் என்று நான் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

2003 தொடக்கத்தில் நாங்கள் குவைத்தில் இருந்தோம். எல்லைக்கு அப்பால் ஈராக். என் கணவர் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்டெய்னர்கள் அந்தக் கிடங்கு வளாகத்தில்தான் வந்து இறங்கின. மகளுக்கு அப்போது இரண்டரை வயது.

தினமும் டூட்டி முடிந்து வந்ததும் கதை சொல்வார். "இன்னிக்கும் பெட்டி பெட்டியா தொறந்து பாத்தானுங்க. பாலைவன பூட்ஸத் தேடினா கூடாரக் கயிறு வருது. எதுல என்ன இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல. ஒரு சிப்பாய் என் சேஃப்டி ஷூவக் காட்டி, வெலைக்குத் தர்றியான்னு கேக்குறான்!"

விழுந்து விழுந்து சிரித்தோம்.

பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு கீழக்கரை அக்கா இருந்தார்; அவர்கள் வழக்கப்படி லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். போர் வரும் என்ற பயத்தில், துணிக்கடை வைத்திருந்த கணவரோடு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "தங்கச்சி, எங்களோட வந்துரு. சீட்டு இருக்கு. மாப்புள வரலன்னா பொறவு வரட்டும். நீ புள்ளயத் தூக்கிக்க."

போகலாமா என்று அன்று மாலை கணவரிடம் கேட்டேன். "ஸ்டாக் வராம எந்த சைட்லயாவது வேல ஆரம்பிச்சுப் பாத்திருக்கியா?" என்றார். "அவனுங்களுக்கு பூட்ஸே வரல. ரெண்டு மாசமாவது ஆகும். அதுக்குள்ள லீவு கேட்டு மூணு பேருமா போயிடலாம்."

நான் பி.காம். படித்தவள். எனக்கும் அது சரியென்றே பட்டது. பூட்ஸ் வர வேண்டும், பிரிக்க வேண்டும், ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும், பிறகல்லவா போர்? லாத்தாவிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன தங்கச்சி, அவனுவ காலப் பாத்தா நீ புள்ளயக் காப்பாத்துவ?"

அவர்கள் போய்விட்டார்கள். தினமும் கணவர் செருப்பைக் கழற்றும் முன்பே "பூட்ஸ் வந்துச்சா?" என்று கேட்பேன். "இல்ல" என்று சொன்னால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

ஒரு நாள் அவர் சிரிக்காமல் வந்தார். "கன்டெய்னர் யார்டே காலி. கால்ல கெடந்ததப் போட்டுக்கிட்டே போயிட்டானுங்க." விமானத்தில் இடம் கேட்டு அலைந்தோம். கிடைக்கவில்லை.

முதல் சைரன் ஒலித்தபோது பட்டப்பகல். அவர் டூட்டியில் இருந்தார். ஈராக் ஏவும் ஏவுகணையில் விஷவாயு வரலாம், ஓர் அறையை அடைத்துக்கொண்டு உள்ளே இருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். படுக்கையறை ஜன்னலில் முன்பே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தோம். மகளைத் தூக்கிப்போய்க் கதவைச் சாத்தி, சுற்றிலும் டேப் ஒட்டி, அடியில் ஈரத் துண்டைத் திணித்தேன்.

அவள் கதவை அடித்தாள். "அம்மா, தொற! தொறம்மா!" கத்தினால் உள்ளே இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே படித்தேனோ, நானே நினைத்துக்கொண்டதோ. அவள் வாயைக் கையால் பொத்தினேன். அபாயம் நீங்கியதைச் சொல்லும் சைரன் வரும்வரை எடுக்கவில்லை.

கதவைத் திறந்தபோது ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விஷவாயு அன்று வரவில்லை. பிறகு வந்த எந்தச் சைரனிலும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் அதையேதான் செய்தேன்.

கோடையில் ஒரு நாள், "பூட்ஸ் வந்துடுச்சு" என்றார் கணவர்.

இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. எந்தக் கதவையும் மூட விடமாட்டாள். பள்ளியில் கழிப்பறைக்குப் போகாமல் மதியம்வரை அடக்கிக்கொண்டு வருகிறாள். நான் தாழ்ப்பாளில் கை வைத்தால் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து விலக்குகிறாள். யாராவது பார்சல் டேப்பைக் கிழித்தால், தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறாள். நாளாக ஆகச் சரியாகும் என்கிறார் டாக்டர். நாளாகித்தான் விட்டது.

இதைப் படிக்கிற யாராவது சொல்லுங்கள். கதவை மூடினாலும் திறக்கும் என்று ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அதை அவளுக்கு நானே சொல்லலாமா, இல்லை வேறு யாராவதுதான் சொல்ல வேண்டுமா?