கிணறு கரித்த கோடை

எங்கள் ஊர்க் கிணற்றைக் கெடுத்தவர் என் சித்தப்பா என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அதைக் கெடுத்த அன்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியவர்களும் அவர்களேதான். நான் அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தின் நடுவில் யாரோ என் வாயில் ஒரு துண்டு கருப்பட்டியைத் திணித்தார்கள்.

மண்டபம் என்ற ஊருக்கு மேற்கே, பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த சின்ன ஊர் எங்களுடையது. எல்லோரும் கடல் தொழில்தான். ஊருக்கு ஒரு மாதா கோயில், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குழாய்த் தண்ணீரும் வரப்போகிறது என்று யாரோ மேடையில் சொல்லிவிட்டுப் போனதாக அய்யா சொல்வார். அந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் மேகம் காட்டியதோடு போய்விட்டன. மாசியிலேயே கிணற்றின் அடி தெரிந்தது. சித்திரை பிறந்தபோது பெண்கள் உள்ளே இறங்கி, கொட்டாங்குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் குடத்தில் ஊற்றினார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் அம்மா இரண்டு ஜெபமாலை சொல்லி முடித்துவிடுவாள்.

வைகாசிக் கடைசியில் கோயில் திருவிழா. கரையோர ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு சனம் வரும். வருகிறவர்களுக்குக் குடிக்க என்ன கொடுப்பது என்பதுதான் அந்தச் சித்திரை முழுவதும் ஊரின் பேச்சு. அப்போதுதான் சித்தப்பா அந்த யோசனையைச் சொன்னார்.

சித்தப்பா அய்யாவுக்கு நேர் இளையவர். எங்கள் வீட்டோடுதான் இருந்தார். அவர் சிரித்தால் பக்கத்துத் தெருவில் கேட்கும். கோயில் பாட்டில் அவர் குரல்தான் முதல் குரல். யார் வீட்டுக் கூரை பிரிந்தாலும் முதலில் ஓலையோடு போய் நிற்பவர் அவர்தான். கோயில் வாசலில் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்.

"கிணத்துக்குள்ள தண்ணி இல்லாம இல்ல, ஆழத்துல கெடக்கு. இன்னும் ரெண்டு ஆள் மட்டம் தோண்டிப்புட்டா திருவிழாவுக்கு வார சனம் அம்புட்டும் குளிச்சிட்டே போகலாம். என்ன சொல்றீக?"

வேண்டாம் என்று சொன்னவர் யாருமில்லை. உபதேசியார் ஜெபம் சொல்லி ஆரம்பித்து வைத்தார். கடல் பொய்கைபோல் கிடந்த நல்ல மீன்பாட்டு நாட்கள் அவை. ஆனாலும் ஆண்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. மண் அள்ளிப் போட்ட பெண்கள் பாடினார்கள். எங்களுக்கெல்லாம் திருவிழா முன்னாலேயே வந்துவிட்டது போலிருந்தது. மணல் போய்க் களிமண் வந்தது. சாம்பல் நிறத்தில், கடப்பாரைக்கு மசியாத களி. சித்தப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளேயே கிடந்தார். கஞ்சியைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் இறக்கினார்கள்.

களி உடைந்த அன்று மத்தியானம் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, பெரிய மிருகம் பெருமூச்சு விட்டாற்போல. தண்ணீர் கொப்பளித்து எழுந்தது. உள்ளே நின்றவர்களைக் கயிறு போட்டுத் தூக்குவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். கோயில் மணியை அடித்தார்கள். நான் மேலே சொன்ன ஆட்டமும் கருப்பட்டியும் அப்போதுதான்.

முதல் வாய்த் தண்ணீரைச் சித்தப்பாதான் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரித்தபடியே சொன்னார்.

"லேசாக் கரிக்குது. புதுத் தண்ணில்ல, தெளிஞ்சா சரியாயிரும்."

தெளியவில்லை. மறுநாள் இன்னும் கரித்தது. பழைய தண்ணீர் போய்விட்டால் நல்ல ஊற்று வரும் என்று இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்பு ஏறியது. அது வரை நாங்கள் குடித்தது களிக்கு மேலே மணலில் தங்கியிருந்த மழைத் தண்ணீர். கீழே இருந்தது கடல். நடுவில் இருந்த கதவைத்தான் நாங்கள் பாட்டுப் பாடி உடைத்திருந்தோம். உடைத்த களியையே திரும்பக் கொட்டி மிதித்துப் பார்த்தார்கள். தண்ணீர் அதையும் கரைத்துக்கொண்டு மேலே வந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் கிணறு அவ்வளவு நிறைந்து நான் பார்த்ததேயில்லை.

வைகாசி வெயில் மணலை வறுத்தது. பெண்கள் விடியுமுன் கரையைவிட்டு உள்ளே தள்ளியிருந்த கிராமங்களுக்குக் குடத்தோடு நடந்தார்கள். அங்கேயும் ஊருணிகள் வெடித்துக் கிடந்தன. ஒரு குடத்துக்கு மேல் தர மாட்டோம் என்றார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் பலரும் கரிக்கிற தண்ணீரையே காய்ச்சிக் குடித்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. திருவிழாக் கொடி ஏறிய அன்று கோயிலில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். வெளியூர் வண்டிகள் வந்த வேகத்தில் திரும்பிப் போயின. சப்பரம் தூக்க ஆள் போதாமல் மாதா கோயிலுக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் எங்கள் பின்வீட்டு அக்காவின் கைக்குழந்தை இறந்துபோனது. ஊரில் அது வரை சித்தப்பாவை ஏசாதவர்கள் குறைவு. அவர் நடந்து போனால் குடத்தை நங்கென்று தரையில் வைப்பார்கள். அதையெல்லாம் அவர் தலை குனிந்து தாங்கிக்கொண்டார். குழந்தையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த சாயங்காலம் அந்த அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். அம்மா பதறிப்போய் எழுந்தாள். சித்தப்பா சுவரோடு சுவராக நின்றார். அவளும் ஏசப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஒங்க மேல கோவமில்ல தம்பி" என்றாள் அவள். "நாங்களுந்தான குலவை போட்டோம்."

அவ்வளவுதான். போய்விட்டாள். அன்றிலிருந்து சித்தப்பா வீட்டில் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அவர் வத்தையில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார். வத்தை என்பது எங்கள் சின்னப் படகு. கிடைத்த குடங்களையெல்லாம் அதில் அடுக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போவார். திரும்பி வந்ததும் பின்வீட்டு அக்கா வாசலில் ஒரு குடம் வைப்பார். அப்புறம் குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கு. எங்கள் வீட்டுக்கு மிச்சம் இருந்தால் வரும். தண்ணீர் கொடுத்தும் யாரும் அவரோடு பேசவில்லை. இதற்குள் சனம் கிளம்ப ஆரம்பித்துவிட்டது. கூரை ஓலையைப் பிரித்து, வலையோடு படகில் ஏற்றி, ஒவ்வொரு வீடாகப் பாம்பன் பக்கமும் தங்கச்சிமடம் பக்கமும் போனது. எங்கள் தெருவில் மண் சுவர்கள் மட்டும் தலையில்லாமல் நின்றன.

கச்சான் காற்று தொடங்கியது. மேற்கிலிருந்து மணலை வாரி வீசும் காற்று அது. தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் கடல் ஆளைச் சேர்க்காது.

"காத்து மாறிப்போச்சு. இனி வத்தையத் தொடாதடா" என்றார் அய்யா.

"பாப்போம்ண்ணே" என்றார் சித்தப்பா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று என் தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலையில் நான் கரைக்குப் போனபோது வத்தை அலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குடங்கள் எல்லாம் கரையில் வரிசையாக இருந்தன. ஒன்றைக்கூட அவர் ஏற்றவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீருக்குள் ஓடினேன்.

"சித்தப்பா! கொடத்த விட்டுட்டுப் போறீகளே!"

அவர் திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தினார். என்னவோ சொன்னார், காற்றில் கேட்கவில்லை. குடங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன். மணல் விழாமல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் அம்மா தேடி வந்தாள். என்னைப் பார்த்தாள், குடங்களைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். வேலை கெட்டுப்போனதற்கு இவ்வளவு அழுகையா என்றிருந்தது எனக்கு.

"சித்தப்பா அக்கரைக்குப் போயிருக்காக" என்றுதான் அய்யா எனக்குச் சொன்னார். அக்கரை என்றால் எங்களுக்கு இலங்கை. போனவர்கள் மணக்கும் சோப்பும் பூப்போட்ட சீலையும் கொண்டுவருவார்கள். நாங்களும் தங்கச்சிமடத்துக்குக் குடிபோனோம். அங்கே புதுப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் என் சித்தப்பா அக்கரையில் இருக்கிறார், எனக்கு ரிப்பன் கொண்டுவருவார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி நடுவில் கல்லறைத் திருநாள் வந்தது. அம்மா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். புது ஊரில் எங்களுக்கு உறவுக் கல்லறை எதுவும் கிடையாது. நடுவில் நின்ற பெரிய சிலுவையின் அடியில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு, தீப்பெட்டியை என்னிடம் கொடுத்தாள்.

"யாருக்கும்மா?"

"ஒன் சித்தப்பாவுக்கு."

"அவுகதான் அக்கரையில இருக்காகளே?"

அம்மா குனிந்து மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தாள்.

"அங்கனயும் இருட்டாத்தான் இருக்கும்" என்றாள். "பத்த வையி."

பற்ற வைத்தேன். காற்றில் அணையாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய ஊர் என்று சொல்கிறார்களே, அக்கரையில் இன்னும் விளக்குப் போடவில்லையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த தடவை இன்னும் பெரிய மெழுகுவர்த்தியாக வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.