வானத்தைத் திருத்திய தறி

விண்கல்லில் டிசைன் பிழை இருப்பதாகக் கண்டுபிடித்த முதல் மனிதர் என் மனைவியின் தம்பி, மருதமுனை நவாஸ் மச்சான்தான். பரிசு கொடுக்கிறவர்கள் கேட்டால் முகவரி தருகிறேன்.

கம்பஸில் புவிச்சரிதவியல் படிக்கும் என் மகள் போன நோன்பில் லீவுக்கு வந்தாள். ஸ்கூல் கண்காட்சி ஒன்றுக்காக ஒரு மைக்ரோஸ்கோப்பும் இரும்பு விண்கல் துண்டு ஒன்றும் அவளோடு வந்திருந்தன. விரல் நகமளவுத் துண்டு. வெட்டி, மினுக்கி, அமிலத்தால் கழுவியிருந்தார்கள்.

குனிந்து பார்த்தேன்.

உள்ளே வெள்ளிக் கோடுகள்... பட்டை பட்டையாக, ஒன்றையொன்று சரிவாக வெட்டிக்கொண்டு. எப்போதோ உடைந்துபோன ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள், பல லட்சம் வருடங்களாக மெல்ல மெல்ல ஆறிய இரும்பும் நிக்கலும் படிகமான விதமாம் அது. அவசரமாக ஆறினால் இந்தக் கோடுகள் விழாதாம். நான் பிளேன்டீயைக்கூட ஆறவிட்டுக் குடித்தவன் இல்லை – வெட்கமாக இருந்தது.

"தள்ளுங்க மச்சான்" என்று நவாஸ் கண்ணை வைத்தார்.

அவர் கவலை வேறு. அவரிடம் இருப்பது நாலு கைத்தறி. பெருநாளுக்குப் பெருநாள், இடுப்பில் கட்டும் சாரனுக்குப் புது டிசைன் போடுவார். முன்வீட்டு ஹாஜியார் மெஷின் தறியில் மூன்றே நாளில் அதையே இறக்கி, மலிவாக விற்பார். இந்தப் பெருநாளும் அப்படிப் போனால் இரண்டு தறியைக் கழற்றுவதென்று முடிவெடுத்திருந்தார்.

"அல்லாஹ்வே... இது சாரன்கா மச்சான்!"

"மாமா, அது படிகம்" என்றாள் மகள்.

"ஓம் மகள், படிகச் சாரன். ஹாஜியார்ர கண் இந்தக் கல்லுக்குள்ள எட்டுமா? ஆனா ஒரு பிழை இரிக்கி."

"கல்லுலயா?"

"கோடெல்லாம் சாஞ்சு கிடக்கு. தறியில பாவு நூலும் ஊடு நூலும் நேராத்தான் ஓடும். கல்லு கொஞ்சம் கோணிப் போயித்து."

"அந்தச் சாய்வுதான் மாமா விஷயமே!"

"நீங்க படிங்க மகள். நாங்க நெய்யிறம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் முகட்டைப் பார்த்தேன். விளங்காத ஒன்று வீட்டுக்குள் வந்தால் நாம் வேறென்ன செய்வோம்? பிடித்து நிமிர்த்தி, தெரிந்ததாக்கிவிட்டுத்தானே மறுவேலை?

நவாஸ் நிமிர்த்தினார். சாம்பலும் வெள்ளையுமாக, நேர்நேர் கட்டங்களாக நெய்தார். ஒவ்வொன்றிலும் கல்லின் போட்டோ ஸ்டிக்கர், கீழே 'விண்கல் சாரன்'. கல்முனை பஸாரில் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே எல்லாம் விற்று முடிந்துவிட்டது. நாலு தறியும் தப்பின.

அதைவிட ஆச்சரியம் – ஹாஜியார் இம்முறை காப்பியடிக்கவே இல்லை.

"பாத்தீங்களா? வானத்தைக் காப்பியடிக்க ஏலாதுகா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மச்சான். எனக்கும் ஒன்று தந்தார்.

பெருநாள் காலை. பல லட்சம் வருடப் பொறுமையை இடுப்பில் சுற்றி, அத்தர் பூசிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, போன பெருநாளைக்கு ஹாஜியார்ட கடையில எடுத்த சாரனையேதான் இண்டைக்கும் உடுத்திருக்கீங்களா?"

ஹாஜியார் ஏன் காப்பியடிக்கவில்லை என்பதை மச்சானிடம் நான் இன்னும் சொல்லவில்லை... நாலு தறியும் ஓடட்டுமே!