சஹனில் ஓடிய காந்தச் சுழிகள்

பெண் பார்க்கப் போகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு வா என்று உம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினா. நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். ஜப்பானில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த நான் லீவில் வந்திருந்தேன். நாங்கள் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து புத்தளத்தில் தங்கியவர்கள். பெண் வீட்டார் எத்தாளையில் வெங்காயத் தோட்டமுள்ள பழைய ஊர்க்காரர்கள். அவள் மதுரங்குளியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு நிமிடம் என் படிப்பைப் பற்றிக் கதைத்ததோடு, முடித்தால் இவளைத்தான் என்று தீர்மானித்துவிட்டேன். அவளுடைய வாப்பா வேண்டாம் என்றால் அத்தோடு சரி.

சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம்: நான், வாப்பா, மாமா, அவளுடைய வாப்பா, அவளுடைய அண்ணன்களான இரண்டு நானாமார். நெய்ச்சோறு, மேலே பொரித்த கோழி. தட்டு ஒன்றுதான் என்றாலும் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் தொடலாம். அடுத்தவர் பக்கம் கை போனால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள்.

"மகன் என்னத்தப் படிக்கிறீங்க?" என்று அவளுடைய வாப்பா கேட்டார்.

"மீக்கடத்திப் படலத்தில காந்தச் சுழி எப்பிடி ஓடுது எண்டு."

"விளங்கல்லயே மகன்."

உம்மா சொன்னது காற்றோடு போயிற்று.

"இந்தச் சோறுதான் படலம். நல்லாக் குளிராக்கினா கரண்ட் தடையில்லாம ஓடும். காந்தத்துக்குக் கிட்ட வெச்சா, இந்தக் கோழித்துண்டு மாதிரிச் சுழியெல்லாம் உள்ளுக்க வந்திரும். கரண்ட் எங்கட வாப்பாட பக்கத்தால உங்கட பக்கம் ஓடினா, சுழி குறுக்கால ஓடும்."

விரலால் தள்ளிக் காட்டினேன். குறுக்கே இருந்தவர் மாமா. வந்த துண்டையெல்லாம் அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

"இப்ப சுழி எங்க?" என்றார் அவளுடைய வாப்பா.

"ஓரத்தால வெளியேறிட்டு. மத்த ஓரத்தால புதுசு வரும்."

அந்நேரம் பார்த்து உள்ளேயிருந்து இன்னொரு தட்டுக் கோழி வந்தது. ஜப்பானில் என் பரிசோதனை ஒன்றும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

"இப்பிடிச் சுழி ஓடினா சூடேறும், தடையும் வந்திரும்" என்றேன். மாமாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். என் கை ஐந்து பேரின் பங்கிலும் புகுந்து வந்திருந்தது. சின்ன நானா சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். வாப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே செத்திருக்க வேண்டும். ஆனால் பாதியில் விட்டால் பைத்தியம் என்றே முடிவுகட்டிவிடுவார்கள். சோற்றில் அங்கங்கே குழி தோண்டி, துண்டுகளை உட்காரவைத்தேன்.

"குறையில்லாத படலத்தில சுழி நிக்காது. இப்பிடிப் பள்ளம், கீறல் இருந்தாத்தான் பிடிச்சி வெச்சிருக்கும். அப்பத்தான் தடையும் வராது."

அவளுடைய வாப்பா குழிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப குறையில்லாத சாமான் உங்களுக்குச் சரிவராது?"

"ஓம், சரிவராது."

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அப்பிடியெண்டா ஒண்டச் சொல்லிடுறன். எங்கட மகளுக்குக் கோவம் கூட. பேசின ரெண்டு இடமும் அதாலதான் நிண்டது."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வெடித்தது. "வாப்பா! சுழி ஒண்டையொண்டு தள்ளும். அத அவர் சொல்லவே இல்ல. கோழித்துண்டு அப்பிடித் தள்ளுமா எண்டு கேளுங்க!"

அது எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இல்லை. நான் வருவதற்கு முன்பே அவள் எங்கேயோ தேடிப் படித்திருக்கிறாள். என் வீட்டில் ஒருவரும் என் படிப்பின் பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்டதில்லை.

"எனக்குச் சம்மதம்" என்றேன். என்னிடம் இன்னும் ஒருவரும் எதையும் கேட்டிருக்கவில்லை.