புரோக்கருக்குக் கொடுத்த காப்பி

நம் வீட்டுக் காப்பியை இரண்டு தடவை குடித்தவன் நம் மனுஷன். இது என் அம்மாவின் சட்டம். இந்தச் சட்டத்தால் ஒரு வீட்டுக்கு அதிக விலையும் கொடுத்து, நாசமாகவும் போயிருப்போம்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், பிள்ளைக்குக் கல்யாணம், காலி பண்ணுங்கள் என்றார். அப்பா போய்விட்டார். அவருடைய பிராவிடண்ட் பண்டும் என் குமாஸ்தா சம்பளமும்தான் கையில். அந்தப் பணத்தில் ஒரு சொந்த வீடு, அதில் ஒரு கிணறு. அம்மா கேட்டது அவ்வளவுதான். பணம் தப்பான இடத்தில் போனால் அதோடு சரி, வாடகை வீட்டிலேயே எங்கள் காலம் முடியும்.

சைதாப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்த புரோக்கர் அபிராமபுரத்தில் ஒரு வீட்டைக் காட்டினார். கிணறு, பின்னால் ஒரு நார்த்தை மரம். அம்மா மயங்கிவிட்டாள். மறுபடி அவர் வந்தபோது இரண்டாவது காப்பி. அதோடு எல்லாவற்றையும் கொட்டினாள். "ஆடிக்குள்ள இந்த ஆத்தைக் காலி பண்ணியாகணும். அந்த வீட்டை விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்லை. விலையைப் பத்தி ரொம்பப் பேச மாட்டோம்."

மறுநாள் அபிராமபுரம் வீட்டுக்காரர் விலையை ஏற்றினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது என் அம்மா.

எனக்கு வந்த கோபத்தில் ஆபீசுக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, குளத்தங்கரைப் பக்கம் டீக்கடையில் புரோக்கரைப் பிடித்தேன். "பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டறீங்களா? நீங்க யாரோட ஆள்?"

"வூட்டுக்காரரோட ஆளு," என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. "அவருதான் என்னை வெச்சிக்கினு கீறாரு. மாமி சொன்னதை அவராண்ட சொல்லலேன்னா நான் அவருக்குத் துரோகி. இன்னாம்மா, நீங்க முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"அப்போ எங்க கிட்டயும் கமிஷன் எதுக்கு?"

"அது மாமூல்."

அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார்கள். யார் யாருடைய ஆள் என்று எவரும் கேட்பதில்லை. நான் எழுந்தபோது அவரே சொன்னார்: "அவரு விஷயத்தை நானா வந்து உங்களாண்ட சொல்ல மாட்டேன். ஆனா நேரா கேட்டா, பொய் சொல்ல மாட்டேம்மா."

இந்த ஆள் ஏன் இதைச் சொன்னார்? ஆபீசுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதே யோசனை. என்னத்தைக் கேட்பது? வீட்டுக்காரர் "எங்கப்பா கட்டின வீடு" என்று வாய்க்கு வாய் சொல்லியிருந்தார். நானும் ஓர் அப்பாவின் பெண்தானே. அப்போதுதான் பொறி தட்டியது.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ். வீட்டுக்காரரும் புரோக்கரும் எங்கள் கூடத்தில். அம்மா வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்துக் கையில் எடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றேன். புரோக்கரைப் பார்த்துக் கேட்டேன்: "அந்த வீட்டுல இவரைத் தவிர வேற யாருக்காவது பங்கு இருக்கா?"

"யாரும் இல்லை," என்றார் வீட்டுக்காரர்.

"உங்களைக் கேட்கலை சார்."

புரோக்கர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லிடுங்க சார்." அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். புரோக்கரே சொன்னார்: "இவரு தங்கச்சி மாம்பலத்துல கீது. அதுக்கும் பங்கு உண்டு. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிக்கினு கீது."

வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அம்மா தட்டோடு அப்படியே நின்றாள். பணம் தப்பியது என்று எனக்கு நிம்மதி வரவில்லை. அந்தக் கிணறு போச்சே என்று அழுகைதான் வந்தது. உண்மையைச் சொன்ன அந்த மனுஷன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"காப்பியைக் குடிச்சுட்டுப் போங்கோ," என்றாள் அம்மா.

"வேணாம் மாமி. இன்னிக்கு நான் யாரோட ஆளும் இல்லே."

பதினைந்து நாள் பொறுத்து நானே சைதாப்பேட்டைக்குப் போனேன். இந்தத் தடவை எங்கள் ஆளாக வர வேண்டும், கமிஷன் எங்களிடம் மட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: "வூடு பாக்கச்சொல்ல மாமி வாயத் தொறக்கக் கூடாது."

அடையாறில் ஒரு சின்ன வீடு. சொந்தக்காரருக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்று புரோக்கர் முன்னாலேயே விசாரித்துவிட்டார். பின்கட்டுக் கதவைத் திறந்தால் கிணறு. பக்கத்தில் மரம் ஒன்றும் இல்லை, துணி துவைக்கும் கல் மட்டும். அம்மா எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. முந்தானையை எடுத்து வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

"மாமிக்குப் பிடிக்கலை போலிருக்கே," என்றார் சொந்தக்காரர், முகம் வாடி.

புரோக்கர் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் விலையைக் குறைத்தார்.

பத்திரம் பதிந்த அன்றும் வாயில் முந்தானைதான். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் அம்மா முந்தானையை விட்டாள். "ஏண்டி, இனிமே நான் பேசலாமோல்லியோ?" என்று கேட்டுவிட்டு, தெரு என்றும் பார்க்காமல் அழுதாள்.