சாளை நெய் மணக்கும் மோரிஸ் மைனர்

பழைய கார் பழுதுபார்க்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு. பைத்தியக்காரன் என்று யாராவது நம்மைச் சொன்னால், எதிரில் நிற்கிற வாடிக்கையாளரைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். வளைகுடாவில் புத்தம்புதுக் கார்களைப் பார்த்துச் சலித்துப்போய் ஊர் திரும்பியவன் நான். கோட்டாற்றில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே இப்போது கிழட்டுக் கார்களோடு மல்லுக்கட்டுகிறேன். வாசலில் ஒரு பழைய காரும் வீட்டுக்குள் அதற்கான வசவும் வைத்திருக்கும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

பூனைகளின் வரவேற்பு

அந்த மோரிஸ் மைனர் குளச்சலில் இருந்து டெம்போவில் வந்து இறங்கியது. திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்து நம்பர் பலகை, இரண்டே கதவு, உருண்ட முதுகு. பார்த்த உடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. கூடவே ஒரு வாடையும் இறங்கியது. நான் நாஞ்சில் நாட்டுச் சைவக் குடும்பத்துக்காரன், மீன் வாடையைத் தரம் பிரிக்கத் தெரியாது. கம்போளச் சந்தைப் பூனைகளுக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு கூட்டமே வந்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டது.

வண்டிக்குச் சொந்தக்காரி திரேசம்மாள். மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த அவர் கணவர் போன வருடம் காலமாகிவிட்டார். துபாயில் இருக்கும் மூத்த மகன் சேவியருக்கு, வண்டியைக் கன்னியாகுமரியில் ஒரு ஓட்டலுக்குக் காட்சிப்பொருளாகக் கொடுத்துவிட ஆசை. அம்மாவுக்குக் கொடுக்க மனசில்லை. ஊரில் பலரை வைத்துப் பேசியும் முடிவாகாமல், கடைசியில் சேவியர் எனக்குப் போன் போட்டார். “அப்பாக்க ஆண்டுப் பூசைக்கு நான் வருவேன். உங்க ஷெட்டுல இருந்து குளச்சல் கோயில் வரைக்கும் அம்மா அதுல போகட்டும். இடையில நின்னா வண்டி ஓட்டலுக்கு, நிக்கலன்னா அம்மைக்கு.”

ஓட்டை விழாத தரை

கடற்கரைப் பக்கத்துக் கார் என்றால் உள்ளே ஏறிக் கால் வைத்தால் ரோட்டில் நிற்கலாம். உப்புக் காற்று தரையை அப்படித் தின்றிருக்கும். என்னோடு வேலை செய்யும் டிங்கர் நேசையன் ஒட்டுப்போடத் தகடெல்லாம் வெட்டி வைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் புகுந்து ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். டங் டங் என்று சத்தம்தான் வந்தது, ஓட்டை விழவில்லை. கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பூச்சு மட்டும் கையில் ஒட்டியது.

திரேசம்மாளிடம் போனில் கேட்டேன். வருடா வருடம் மழைக்கு முன்னால் வள்ளத்துக்குச் சாளை மீன் நெய் பூசும்போது, மிச்சத்தை அவர் கணவர் காருக்கு அடியிலும் கதவுக்குள்ளும் பூசிவிடுவாராம். காரையும் ஒரு வள்ளமாகவே நினைத்திருக்கிறார் அந்த மனிதர்! அவரை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. நேசையன் வெட்டிய தகட்டையெல்லாம் மூலையில் சாய்த்துவிட்டுச் சொன்னார். “காரு வாங்குன மாதிரியா ஓய் இருக்கு? பிள்ளைக்கு எண்ணெய் தேச்சு வளத்த மாதிரில்லா இருக்கு.”

அத்தர் வைத்தியம்

எஞ்சின் வேலை சுகமாக முடிந்தது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கீழே தரை தெரியும். கையை விட்டு எதையும் கழற்றலாம். இப்போதைய கார்களில் விரல்கூட நுழையாது. சாவியைப் போட்டதும் எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுக்கிற பம்பு டிக் டிக் என்று பேச ஆரம்பிக்கும். திரும்புவதற்கு முன்னால் கதவுத் தூணில் இருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும், அதுதான் சிக்னல். நானும் நேசையனும் வேலையை விட்டுவிட்டு அதை மாற்றி மாற்றி நீட்டி ரசித்தோம். இவ்வளவு மரியாதையாக வழி கேட்கிற காரை நான் வேறு பார்த்ததில்லை.

மிச்சம் இருந்தது வாடை. வீட்டில் என் மனைவி பகவதி தினமும் என்னைப் பின்வாசலில் நிறுத்தி, குளித்த பிறகுதான் உள்ளே விட்டாள். வாடிக்கையாளருக்கும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, கதவின் உள்பக்கம், சீட்டுக்கு அடி எல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சீயக்காய் போட்டுத் தேய்த்து, துபாய் அத்தரும் தெளித்தேன். பூனைகள் கோபித்துக்கொண்டு போய்விட்டன. பார்க்க வந்த திரேசம்மாள் புதுப் பெயின்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மூச்சை இழுத்தார். சிரிப்பு போய்விட்டது. கீழே இறங்கினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “இது யாருக்க வண்டி மக்கா?” என்றுதான் கேட்டார்.

குளச்சலில் ஒரு சைவன்

மறுநாளே சாளை நெய் வாங்கக் குளச்சலுக்குப் போனேன். மீன் கடைப் பக்கமே ஒதுங்காத நான், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வள்ளச் சாமான் விற்கும் கடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த வள்ளத்துக்கு என்று கடைக்காரர் கேட்டார். காருக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தகர டின்னைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். “மோந்து பாத்து வாங்குங்கண்ணே, பொறவு நாத்தம் போதாதுன்னு வந்து நிக்கப்பிடாது.”

மணவாளக்குறிச்சி நிறுத்தம்

பூசை நாளன்று பூனைகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக சேவியரும் வந்தார். நான் ஓட்ட, முன்னால் அம்மா உட்கார, பின்னால் அவர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும் மூச்சை ஒருமுறை இழுத்தவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜாக்கமங்கலம் வரை வண்டி அலுங்காமல் குலுங்காமல் ஓடியது. எனக்கே பெருமையாக இருந்தது. மணவாளக்குறிச்சி வந்ததும் டிக் டிக் சத்தம் நின்றது. வண்டியும் நின்றது.

திரேசம்மாள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சேவியர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு, சீட்டைத் தள்ளிக்கொண்டு தானும் இறங்கினார். போனை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் பானெட்டைத் திறந்தார், ஒரு ஷூவைக் கழற்றினார், பெட்ரோல் பம்பின் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினார். எங்கே தட்ட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. டிக் டிக் என்று பம்பு மறுபடி பேசத் தொடங்கியது. “நின்னுபோச்சே மக்கா” என்றார் திரேசம்மாள், கேட்டும் கேட்காத குரலில். சேவியர் ஷூவை மாட்டிக்கொண்டு, அம்மாவின் ஜன்னல் பக்கம் குனிந்தார். “நிக்கலம்மா. அப்பா எப்பவும் இஞ்ச நிறுத்தி, என்னைப் பம்புல செருப்பால தட்டச் சொல்லிட்டுத்தான போவாரு.”

வண்டி குளச்சலில் திரேசம்மாள் வீட்டு வாசலில் நிற்கிறது, பூனைகள் என் ஷெட்டில் நிற்கின்றன, நான் இன்னமும் பின்வாசலில்தான் நிற்கிறேன்.