சற்றே சாய்ந்த இறக்கை

நெதர்லாந்தின் சிற்றூர் ஒன்றில், பழைய காற்றாலைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். மகளைப் பார்க்க வந்த இடத்தில், இது கோதுமை அரைப்பதைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். காற்று என் தொப்பியைப் பறிக்கிறது. ஆனால் ஆலையின் நான்கு இறக்கைகளும் அசையவே இல்லை.

"ரிப்பேரா இருக்கும்ங்க. நம்ம திண்டிவனம் மில்லு கரண்ட் போனா நிக்கிற மாதிரி நிக்குது" என்கிறாள் என் மனைவி மல்லிகா, ரொட்டியை மென்றபடி.

ஆலையைச் சம்பளமில்லாமல் ஓட்டும் பெண்மணி காப்பியுடன் வெளியே வருகிறார். ஆங்கிலத்தில் விசாரிக்கிறேன். அவர் மேலே காட்டுகிறார். கீழ் இறக்கை நேராக இல்லை, சுற்றும் போக்கில் செங்குத்துக் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. ஊரில் சாவு என்றால் அப்படி நிறுத்துவார்களாம். கல்யாணம் என்றால் கோட்டுக்குச் சற்று முன்னால். அந்தச் சின்னச் சாய்வை ஊரே படித்துவிடுகிறது. பறையில்லை, வெடியில்லை. என்ன அழகான ஏற்பாடு!

மல்லிகாவிடம் சொல்கிறேன்.

"எடுத்துட்டாங்களா, கேளுங்க."

"ரெண்டு மணிக்குத்தானாம்."

கடித்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றுகிறாள். என் கையிலிருந்ததையும் பிடுங்கிப் பையில் போடுகிறாள்.

"நம்மளும் இந்த ஊர்லதான ஒக்காந்துகினு இருக்கோம்? எடுக்கறதுக்கு முன்ன எப்படிங்க சாப்புடறது?"

ரொட்டி பிடிக்கவில்லையா என்று பெண்மணி கேட்கிறார். எங்கள் தெருவில் பிணம் எடுக்கும்வரை யாரும் சாப்பிட மாட்டோம் என்கிறேன். அவர் இறக்கையைப் பார்க்கிறார், மல்லிகாவைப் பார்க்கிறார். பிறகு காப்பியைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

மணி பன்னிரண்டரை. எனக்கு நல்ல பசி.