ஒரு தரம் மட்டும் கேட்கிற நாடு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: நகரக் கவுன்சிலில் இருந்து ஜெனி. வசதியான ஆட்கள் இருக்கிற கிளென் வேவர்லியில் இருந்து எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர், எல்லோருக்கும் அவர் பிரசிடென்ட் அங்கிள். எங்களோடு சமைக்கிற தென்சூடான்காரி அச்சோல். இரண்டு பிள்ளைகளின் தாய் வனிதா அக்கா. நான். வேறு ஒருவரும் இல்லை. இந்த நிலத்தின் சொந்தக்காரர் ஆதிக்குடிகள் என்று ஜெனி முதலில் எழும்பி வணக்கம் சொன்னாரே, அந்த ஆட்களில் ஒருவரும் இல்லை. இங்கே கூட்டங்கள் அப்படித்தான் தொடங்கும். இது பிறருடைய நிலம், அவர்கள் இதை விட்டுக் கொடுக்கவில்லை என்று வாயால் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துகொண்டு பிஸ்கட் எடுப்பார்கள். பத்து வருசத்துக்கு மேலாகப் பார்க்கிறேன். இன்னும் பழகவில்லை.

நோபல் பார்க்கில் ஒரு மண்டபம். சனிக்கிழமை மத்தியானம் அங்கே சமைப்போம். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. அச்சோல் பெரிய சட்டியில் பீன்ஸ் வைப்பாள். யாரும் வரலாம். பெயர் கேட்க மாட்டோம். தொடங்கினது நாங்கள்தான்: படகில் வந்து விசா இழுபடுகிற ஆட்கள். நான் கோழி ஃபாக்டரியில் வேலை செய்தனான். விசா முடிந்து, அடுத்தது வரும்வரை வேலை இல்லை. அதனால் வெங்காயம் வெட்ட நேரம் இருந்தது. ஒரு வருசம் போக, கவுன்சில் வந்து மண்டபத்தையும் அடுப்புக் காஸையும் பொறுப்பெடுத்தது. கொம்யூனிட்டி லெட் புரோகிராம் என்று பெயர் வைத்தது. சனமே முன்னுக்கு நின்று நடத்துகிறது என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு சனத்துக்குப் படிவம் வந்தது.

கடந்த மாதம் வீட்டில் சாப்பாடு இல்லாமல் போனதா? ஓம், இல்லை, இரண்டு பெட்டி. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு நான்தான் நிரப்பினேன்.

“இல்லை எண்டு போடு தம்பி,” என்றார் வனிதா அக்கா.

“போன கிழமை பிள்ளையளுக்கு வெறும் பாண்தானே அக்கா?”

“அது எங்கட வீட்டுக் கதை. கடதாசிக்கு என்னத்துக்கு?”

இல்லை என்று போட்டேன். தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அப்படியே போட்டேன். எனக்கும்.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது விளங்கும். ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கிறியளோ என்பார்கள். இல்லை, இப்பதான் குடிச்சனான் என்போம். கேட்டவர் அதைக் காதில் வாங்காமல் குசினிக்குள் போவார். திரும்பவும் வேண்டாம் என்போம். மூன்றாம் தரம் கோப்பை கைக்கு வந்துவிடும். யுத்தம் முடிந்து எங்களை அடைத்த முகாமில் முள்ளுக்கம்பிக்குள்ளேயும் அப்படித்தான். கஞ்சி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மூன்று நாள் பட்டினி. ஊற்றினவர் “காணுமோ, போதுமோ?” என்று கேட்டார். “காணும்” என்றார் இவர். ஊற்றினவரும் எங்கட ஆள். சரி என்று தலையாட்டிக்கொண்டே இன்னொரு அகப்பை ஊற்றினார். கடதாசியிடம் அந்த அகப்பை இல்லை. ஒரு தரம் கேட்கும். பதிலை எடுத்துக்கொண்டு போய்விடும்.

கூட்டத்தில் ஜெனி லப்டொப்பை எங்கள் பக்கம் திருப்பினார். “வொண்டர்ஃபுல் நியூஸ்” என்றார். தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்கும் பசி இல்லையாம். ஆகவே இந்தச் சமையல் இனித் தேவைப்படாதாம்.

“பாத்தியளோ தம்பி, எங்கட சனம் ஒருநாளும் கையேந்தாது,” என்றார் பிரசிடென்ட் அங்கிள். அவருடைய கையில் மூன்றாவது பிஸ்கட்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஜெனிக்குச் சொன்னேன்: “தே சே நோ. பட் நொட் நோ.” அவர் தலையைச் சரித்து, கையை நெஞ்சில் வைத்து, “ஐ ஹியர் யூ” என்றார். ஒன்றும் எழுதவில்லை. வனிதா அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக் கதையைச் சொன்னால் ஜெனி எழுதியிருப்பார். சொன்னால் அக்கா அதோடு செத்துப் போவார். வாயை மூடிக்கொண்டேன். அருவருப்பு வந்தது என்மேல்தான்.

அச்சோலின் ஆட்கள் உள்ளபடி ஓம் என்று போட்டிருந்தார்கள். சோற்றுக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது பட்ஜெட் கிளாஸ். கறுப்பு ஆட்களுக்குப் பசி என்றால் காசைக் கையாளத் தெரியாது என்று யாரோ ஒரு கந்தோரில் இருந்து முடிவெடுத்திருக்கிறார்கள். வாசலில் வைத்து அச்சோல் இங்கிலீஷில் சொன்னாள்: “நீங்கள் பொய் சொன்னீங்கள், சோறு போச்சு. நாங்கள் உண்மை சொன்னோம், கிளாஸ் வந்தது. அடுத்தமுறை மாத்திச் சொல்லிப் பார்ப்பமா?” பெரிதாகச் சிரித்தாள்.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில், அதே சனிக்கிழமை மத்தியானம் கிளாஸ் தொடங்கியது. என்னையும் கூப்பிட்டார்கள். கொம்யூனிட்டி லீடராம். சட்டையில் என் பெயர் எழுதி ஒட்டினார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரர் திரையில் வட்டம் கீறி வாடகை, சாப்பாடு, சேமிப்பு என்று துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் ஜெனி லப்டொப்போடு இருந்தார். குசினி பூட்டியிருந்தது. வெளியே கார் பார்க்கில் எங்கட சனம். சமையல் இல்லை என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். இருந்தும் வந்திருந்தார்கள். பைகளுக்குள் வெறும் டப்பாக்கள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

“சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்,” என்றார் வனிதா அக்கா.

அது தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. அதைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் எனக்கென்று ஒரு கதிரை, முன்னால் இவர்கள். பிறகு கிளாஸ் கடதாசி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

“அக்கா, வீட்டில சாப்பாடு இருக்கோ?”

“இருக்கு.”

“இருக்கோ அக்கா?”

“இருக்கெண்டு சொன்னனான்தானே. உனக்கென்ன, செவிடோ?”

“அக்கா. இருக்கோ?”

கார்களுக்கு நடுவில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தார்.

“இல்லையடா தம்பி.”

ஒரு கோடு போட்டேன். அடுத்த ஆளிடம் போனேன். ஒருவரையும் விடவில்லை. எல்லோரிடமும் மூன்று தரம் கேட்டேன். இரண்டு பேர் ஏசினார்கள். கிளாஸுக்குள் இருந்து அச்சோலின் ஆட்களும் எழும்பி வந்தார்கள். அவர்களிடம் ஒரு தரம் போதும். பெயர் எழுதவில்லை. ஆளுக்கு ஒரு கோடு. கடைசிக் கோடு எனக்கு. உள்ளே போய் அந்தக் கடதாசியை ஜெனியின் லப்டொப்பின் மேல் வைத்தேன்.

“வட் இஸ் திஸ்?” என்றார்.

“கவுண்ட்,” என்றேன்.

எண்ணினார்.

நாற்பத்து மூன்று.